பரிசேயர் பகுதியை வேதபாடத்தில் நடத்துவது எப்படி

அன்பியக் கூட்டமோ, வீட்டு ஜெபமோ, வாலிபர் வேதபாடமோ, பரிசேயர் (இயேசு காலத்து யூத சமயக் குழுவினர்) வரும் பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. பரிசேயர் மாய்மாலக்காரர், இயேசு வாயடைக்கப் பதில் சொன்னார், ஸ்தோத்திரம், காப்பி வந்துவிட்டது. இதில் யாருக்கும் ஒன்றும் உறைப்பதில்லை. இயேசுவின் பேச்சோ கேட்டவர்களை உறைக்கவைக்கவே அமைந்தது. அந்த உறைப்பு நம் குழுவிலும் வரவேண்டுமானால், நடத்துகிறவர் குழுவைப் பரிசேயர் உட்கார்ந்த பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும்.

எந்தப் பகுதி

மாற்கு 2:1 முதல் 3:6 வரை ஐந்து தர்க்கங்கள் வரிசையாக வருகின்றன: திமிர்வாதக்காரன், ஆயக்காரரோடு (வரி வசூலிப்பவரோடு) பந்தி, உபவாசம், கதிர் கொய்தது, சூம்பின கை. எருசலேமில் நடந்தவை மாற்கு 11:27 முதல் 12:37 வரை. ஒரு மாலைக்கு ஒரு பகுதி போதும். தொடங்க மாற்கு 3:1-6 நல்லது. ஆறே வசனம், ஐம்பது நிமிடத்துக்குத் தாராளம். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் கலந்த குழு என்றால் இரண்டு மொழிபெயர்ப்பையும் ஒவ்வொரு முறை வாசிக்கவிடுங்கள். ‘வேதபாரகர்’ என்று ஒன்றில் இருப்பவர்தான் மற்றதில் ‘மறைநூல் அறிஞர்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் இருக்காது.

முந்தின நாளே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். இயேசு பேசும்போது சுற்றி நின்று கேட்பவர் யார், தர்க்கத்திலுள்ள சட்டம் எதைக் காப்பாற்ற வந்தது, கடைசியில் முடிவு சொல்லவேண்டிய இக்கட்டு யாருக்கு. இதில் இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தின் நியாயத்தை முதலில் சொல்லுங்கள்

பரிசேயர் பெரும்பாலும் ஆசாரியர் அல்ல. அன்றாட வாழ்க்கையிலும் திருச்சட்டத்தைக் காக்க முயன்றவர்கள், சனங்களிடம் நல்ல மதிப்பு இருந்தவர்கள். லூக்காவில் மூன்று முறை இயேசு பரிசேயர் வீட்டுப் பந்தியில் இருக்கிறார் (7:36, 11:37, 14:1). ஏரோது கொல்லத் தேடுகிறான், போய்விடும் என்று எச்சரித்தவர்களும் பரிசேயர்தான் (13:31). இதைச் சொல்லாமல் தொடங்கினால் பாடம் யூதரை ஏசுவதாகவே முடியும். இயேசுவும் யூதர், சண்டை ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

ஓய்வுநாளை விளக்கக் கடற்கரையில் உதாரணம் தேடவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது நம் கடலோர ஊர்களின் கட்டுப்பாடு. காணாமல்போன வள்ளத்தைத் தேட ஞாயிறன்று இறங்கினால் யாரும் குறைசொல்லமாட்டார்கள். யூத மரபிலும் உயிர் போகிற ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம். சிக்கல் வேறு இடத்தில்: சூம்பின கை உயிருக்கு ஆபத்தில்லை. சூரியன் அடையும்வரை பொறுத்தால் ஓய்வுநாள் முடிந்துவிடும். பரிசேயர் தரப்பில் இது கனமான வாதம். குழுவில் ஒருவரை இதை முழுமனதோடு வாதாடச் சொல்லுங்கள், பத்து நிமிடம் விடுங்கள். வாதம் பலமாக இருந்தால்தான் அடுத்த பகுதி எடுபடும்.

இனி வசனத்துக்கு வரலாம். இயேசு சூம்பின கையுடையவனை நடுவே எழுந்து நிற்கச் சொல்கிறார், ஒளித்துச் செய்யவில்லை. பிறகு கேள்வி: ஓய்வுநாளில் நன்மை செய்வதா, தீமை செய்வதா, உயிரைக் காப்பதா, கொல்வதா? யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து அவர் செய்ததைக் கவனிக்கச் சொல்லுங்கள். தொடவில்லை, மருந்து தடவவில்லை. ‘கையை நீட்டு’ என்றார், அவன் நீட்டினான். வேலை என்று சுட்டிக்காட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஆறாம் வசனத்தில் பரிசேயர் வெளியே போய், ஏரோதியரோடு, அதாவது ஏரோதின் ஆதரவாளரோடு, சேர்ந்து அவரைத் தொலைக்க ஆலோசனை செய்கிறார்கள். காப்பதா, கொல்வதா என்று கேட்டதற்கு உள்ளே மௌனமாக இருந்தவர்கள் வெளியே போய்ப் பதில் சொல்லிவிட்டார்கள். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 4-ஆம் வசனத்தையும் 6-ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசிக்கவைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட மௌனம் நடத்துகிறவருக்குத்தான் நீளமாகத் தெரியும்.

கேள்விக்குக் கேள்வி

வரி கொடுக்கலாமா என்ற தர்க்கத்தில் (மாற்கு 12:13-17) இயேசு ஒரு தெனாரியம், அதாவது ரோமானிய வெள்ளி நாணயம், கேட்டு வாங்குகிறார். கேள்வி கேட்டவர்கள் தரப்பிலிருந்தே நாணயம் வருகிறது, அதில் இராயனின் (ரோமப் பேரரசனின்) உருவம். பொறி வைக்க வந்தவர்களின் மடியிலேயே பதில் இருந்தது. இந்தப் பகுதியை நடத்தும்போது கையில் ஒரு ரூபாய் நோட்டு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நாடகம் வேண்டாம்.

உவமையில் இன்னும் கூர்மை. மத்தேயு 21:40-41-இல் கொடிய குத்தகைக்காரருக்கு என்ன தண்டனை என்று கேட்கிறார், கேட்டவர்களே தீர்ப்புச் சொல்கிறார்கள், அது தங்கள்மேலேயே விழுகிறது. நல்ல சமாரியன் கதையும் இதே அமைப்புதான். ‘எனக்குப் பிறன் யார்’ என்று கேட்ட நியாயசாஸ்திரியிடம் (திருச்சட்ட அறிஞரிடம்), ‘அடிபட்டவனுக்கு யார் பிறனாக இருந்தான்’ என்று திருப்பிக் கேட்கிறார். யூதருக்குப் பிடிக்காத இனம் சமாரியர், அதனால் நியாயசாஸ்திரி ‘சமாரியன்’ என்று சொல்லவில்லை, ‘அவனுக்கு இரக்கம் செய்தவனே’ என்று நிறுத்திக்கொள்கிறார்.

இதை ‘எல்லோருக்கும் உதவுங்கள்’ என்று முடித்தால் வீணாகிவிடும். வழியில் அடிபட்டுக் கிடப்பது நீங்கள், யார் கை கொடுத்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று கேளுங்கள். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த குமரி மாவட்டம் இது. சாதி, மதம், சபை எல்லாம் பதிலில் வரும். அதனால் சத்தமாகச் சொல்லவைக்காதீர்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி அவரவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். சீட்டை வாங்கவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம்.

எங்கே சறுக்கும்

நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை யாராவது எடுப்பார்: நம் முன்னோர் அதிகாரத்தை எதிர்த்தவர்கள்தானே. உண்மைதான், 1859-இல் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிடவேண்டி வந்தது. ஆனால் இன்றைக்குச் சபைக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பது நாம். சபை வரிபாக்கி உள்ள வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலை (ஆலயத்தில் திருமண அறிவிப்பு) வாசிக்கலாமா என்று முடிவெடுப்பதும் நாம். அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தவிர்ப்பதைக் கண்டிக்கும் கொர்பான் பகுதிக்கு (மாற்கு 7:9-13) ஆலயக் கட்டட நிதியும் வீட்டில் கிடக்கும் வயதான தாய் தகப்பனும் என்று எடுத்தால் விளக்கமே தேவைப்படாது.

இன்னொரு ஆபத்து, சபை ஐயரையோ (போதகரையோ) பங்குச் சாமியாரையோ பிடிக்காத ஒருவர் பாடத்தைக் கைப்பற்றிக்கொள்வது. பெயர் வந்தவுடனே நிறுத்திவிடுங்கள், வசனத்துக்குத் திரும்புங்கள். இயேசு கேள்வியை எதிரில் நின்றவரிடமே கேட்டார். இல்லாதவரைப் பற்றி ஜெபக்கூட்டத்தில் பேசுவது வேறு சமாச்சாரம்.

மத்தேயு 23-ஐக் கடைசி மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எடுத்தால் வெறும் திட்டாகத்தான் காதில் விழும். எடுக்கும்போது ‘உங்களுக்கு ஐயோ’ தொடங்கும் 13-ஆம் வசனத்துக்கு நேரே தாவவேண்டாம். அந்த அதிகாரத்தின் முதல் பன்னிரண்டு வசனங்கள் சனங்களையும் சீடரையும் பார்த்துச் சொன்னவை. அவற்றை முழுதாக வாசித்து, பந்தியில் முதல் இடம், தெருவில் வணக்கம் என்று அங்கே வருவதையெல்லாம் நம் திருவிழா மேடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு 13-க்குப் போங்கள்.