சென்னைக் கோடையில் ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது

வெயிலுக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் புகைக்கு ஜன்னலை மூடச் சொல்வதும் தனித்தனியே எளிது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் சென்னையில் வசிக்கும் குடும்பங்களுக்கு உண்மையான கேள்வி. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது, கோடையின் புழுக்கத்தில் திறந்து கிடந்த வீடுகளுக்குள் அந்தப் புகை நுழைந்தது. மூடினால் வேர்வையில் நனைய வேண்டும், திறந்தால் இரும வேண்டும் என்ற அந்த நிலை இனிவரும் கோடைகளில் அரிதாக இருக்கப்போவதில்லை என்பதால், முன்கூட்டியே ஒரு முறைமையை வகுத்துக்கொள்வது நல்லது.

வெப்பத்தையும் மாசையும் சேர்த்தே பார்க்க வேண்டியதற்கு உடலியல் காரணம் உண்டு. உடல் சூடேறும்போது அதைத் தணிக்க இதயம் கூடுதல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. நாடித் துடிப்பும் மூச்சின் வேகமும் கூடுகின்றன. அதே நேரத்தில் காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள் மிகுந்திருந்தால், வேகமான மூச்சோடு அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் இதயத்தின் மீது மேலும் சுமை ஏற்றுகின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2014 முதல் 2019 வரையிலான இறப்புகளை ஆராய்ந்தவர்கள், கடும் வெப்ப நாட்களில் இறப்பு அபாயம் ஏறத்தாழ 6 சதவீதமும், கடும் நுண்துகள் நாட்களில் 5 சதவீதமும் உயர்ந்ததையும், இரண்டும் சேர்ந்த நாட்களில் அது 21 சதவீதமாக உயர்ந்ததையும் கண்டனர். தனித்தனி உயர்வுகளைக் கூட்டினால் வருவதைவிட இது பெரியது.

காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பு. சமவெளிகளில் 40 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சு எழும். கடலோர நிலையங்களுக்கு அந்த வரம்பு 37 டிகிரி, அத்துடன் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் காற்றின் ஈரம் வேர்வையை உலரவிடாது என்பதால், 36 டிகிரி காட்டும் நாளையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடு. மணலி நிலையத்தின் எண்ணை வைத்து வேளச்சேரியில் முடிவெடுப்பதில் பயனில்லை. குறியீடு 200-ஐத் தாண்டினால் மோசம், 300-ஐத் தாண்டினால் மிக மோசம் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவதால், அரை மணி நேரத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் கொளுத்திய குப்பையின் புகை அந்த எண்ணில் தெரியாது. கண்ணும் மூக்கும் சொல்வதை அப்போது நம்புங்கள்.

இனி ஜன்னல். அடிப்படை விதி ஒன்றுதான்: வெளியே உள்ளதைவிட வீடு சூடாக இருக்கும்போது திறக்க வேண்டும், குளிர்ச்சியாக இருக்கும்போது மூட வேண்டும். இதை ஊகத்துக்கு விடாமல், விலை குறைந்த வெப்பமானிகள் இரண்டை வாங்கி, ஒன்றை அறைக்குள்ளும் மற்றொன்றை வெளியே நிழலிலும் தொங்கவிட்டால் ஒரே வாரத்தில் உங்கள் வீட்டின் போக்கு பிடிபட்டுவிடும். பெரும்பாலான வீடுகளில் விடியற்காலையே திறப்பதற்கு உகந்த நேரம். வெயில் ஏறத் தொடங்கியதும் ஜன்னல்களை மூடி, வெயில் படும் பக்கங்களுக்கு வெளிப்புறமாகத் தட்டியோ தடித்த துணியோ மாட்டுங்கள். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரைச்சீலையால் முழுமையாகத் தடுக்க முடியாது.

மே மாதத்தில் சென்னையின் பகல் வெப்பத்தைத் தீர்மானிப்பது கடல் காற்று வந்து சேரும் நேரம். மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று வலுவாக இருந்தால் கடல் காற்று தாமதமாகும், அந்த நாளில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. வறண்ட மேற்குக் காற்று வீசும்வரை ஈரமாக்கிய வெட்டிவேர்த் தட்டியும் ஏர் கூலரும் நன்கு பயன்படும். கடல் காற்று உள்ளே வந்ததும் அவற்றை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். ஏற்கெனவே ஈரமான காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்தால் புழுக்கம்தான் மிஞ்சும். கூலர் வேலை செய்யவில்லை என்று பலர் குறைபட்டுக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சாலையை ஒட்டிய வீடுகளில், காலை மாலை நெரிசல் நேரங்களில் சாலைப் பக்க ஜன்னலை மூடி, பின்பக்க ஜன்னலை மட்டும் திறக்கலாம். வாகனப் புகையிலுள்ள வாயுக்கள் கடும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாக மாறுவதால் அது பிற்பகலில் உச்சத்தை எட்டுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் நடைப்பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ள இது இன்னொரு காரணம். மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் வசிப்பவர்கள், நெடி வரும் நேரத்தையும் காற்று வீசும் திசையையும் இரண்டு வாரம் நாட்காட்டியில் குறித்து வந்தால், எந்த ஜன்னலை எப்போது மூடுவது என்பது தெளிவாகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் அளிக்கும்போதும் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஜன்னலை மூடியபின் வீட்டுக்குள் எதையும் கொளுத்தாதீர்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஏ.சி. ஓடும் மூடிய அறையிலும் நிலைமை மாறாது. வீடுகளில் உள்ள பெரும்பாலான ஏ.சி.க்கள் அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகின்றன. கொசுவலையே பாதுகாப்பானது.

புகையும் கடும் வெப்பமும் சேர்ந்த நாளில் எதற்கு முன்னுரிமை தருவது? ஏ.சி. இல்லாத வீட்டில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால், வெப்பத்துக்கே முன்னுரிமை என்பேன். வெப்பத் தாக்கு சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். புகை வராத பக்கத்து ஜன்னலைத் திறங்கள். எல்லாப் பக்கமும் புகை என்றால், வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களை வேறு பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளியே போகும்போது துணி முகக்கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 கவசம் வேண்டும். அதுவும் வாயுக்களைத் தடுக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலை மேலும் சூடாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த அறையில் தங்காமல் வெளியேறுவதே சரி.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் மோரோ நீராகாரமோ குடிக்கலாம். அதிகம் வேர்த்தவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் குடிநீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துத் தரலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைப்பவை. அவற்றைத் தானாக நிறுத்தாமல், கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவர் குழறிப் பேசினாலோ, திசை தெரியாமல் தடுமாறினாலோ, உடல் கொதிக்க மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. தோல் வேர்த்திருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டிப் பொதியை வையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது, அந்த நேரத்து உடல் வெப்பநிலையையும் அவர் எங்கே, எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்பதையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்து, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகை செய்திருக்கிறது. வெப்பத்தால் நேர்ந்தது என்று ஆவணத்தில் இல்லாவிட்டால், ஒரு கட்டடத் தொழிலாளியின் மனைவி அந்த உதவியைக் கேட்டு நிற்கும்போது அவர் கையில் எதுவும் இருக்காது.