பனிமலைக்குக் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்களுக்கு: காற்று செதுக்கிய பனியைப் படிப்பது எப்படி

கார்த்திகை பிறந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்துகூடப் பிள்ளைகள் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்கு ஏறக் கிளம்பிவிடுகிறார்கள். என்ன ஜாக்கெட், எந்த ஷூ என்று கேட்கிறார்கள். சரி, அது வாடகைக்கே கிடைக்கும். ஆனால் பனியைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு மார்கழி விடியலில் புல்லில் கிடப்பதும் பனி, இமயமலையில் இடுப்பளவு கிடப்பதும் பனி. இந்த ஒரு சொல்லோடு அங்கே போனால் எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். தனித்தனிப் பேர் தெரிந்தால்தான் கண் பிரித்துப் பார்க்கும்.

தேட வேண்டியது இரண்டே விஷயம்தான்: காற்று எந்தப் பக்கம் அடித்தது, அது அள்ளிய பனி எங்கே போய்க் குவிந்தது. புதுப்பனி விழாமல் வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும், காற்று மலையின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறைவுப் பக்கத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதை ஊரிலேயே பழகலாம். ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது வறண்ட கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். கருவேலஞ்செடியின் தூருக்குக் கிழக்கே மணல் வால் மாதிரி நீண்டு கிடக்கும், திறந்த இடத்தில் சின்னச் சின்ன வரிகள் காற்றுக்குக் குறுக்கே ஓடும். பனியிலும் பாறைக்குப் பின்னால் அதே வால், அதே வரி.

மலையில் முதலில் கண்ணில் படுவது சாஸ்த்ருகி. ரஷ்ய மொழிச் சொல், உழுது காய்ந்த கட்டாந்தரை மாதிரி கரடுமுரடான வரப்புகள். இவை மணல்வரி மாதிரி குறுக்கே அல்ல, காற்று போன திசையிலேயே நீளும். அடி அரிக்கப்பட்டுச் செங்குத்தாக நிற்கும் மூக்குதான் காற்று வந்த பக்கம். பலத்த காற்று இறுகிய பனியை அரித்திருக்கிறது என்று அர்த்தம். கால் இடறும், மற்றபடி கெட்டியான தரை.

நேற்றைய கால்தடம் குழியாக இல்லாமல் மேடாக நிற்பதைப் பார்த்தால் பலர் நம்ப மாட்டார்கள். மிதிபட்ட பனி இறுகி நின்றுவிட்டது, சுற்றியிருந்த தளர்ந்த பனியைக் காற்று கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். அது எங்கே போனது என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்திலும் பாறையிலும் வெள்ளை இறகு மாதிரி ஒட்டியிருப்பது ரைம். மேகத்தின் குளிர்ந்த நீர்த்துளிகள் பட்டவுடன் உறைவதால் வருவது. அது காற்றை எதிர்த்து வளரும். அதனால் இறகு நீட்டும் பக்கத்திலிருந்து காற்று வந்தது. பயப்பட வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கச் சரிவைப் பார்த்து.

அங்கே இருப்பதுதான் விண்ட் ஸ்லாப், நான் பலகைப்பனி என்பேன். விழும் பனிப்பூவுக்குக் கிளைகள் உண்டு, காற்று உருட்டிக்கொண்டு போகையில் அவை உடைந்து பொடியாகிவிடும். முழு அரிசியைவிட நொய் படியில் இறுகி உட்காருமே, அப்படி இந்தப் பொடி ஒரே பலகையாக இறுகும். மேலே இறுக்கம், அடியில் பொலபொலப்பு. பார்க்க வழவழவென்று மங்கிய வெள்ளையாக இருக்கும், கால் புதையாது, நடக்கச் சுகமாகக்கூட இருக்கும். அந்தச் சுகத்தை நம்பாதீர்கள்; அடியில் பிடிப்பில்லாத இந்தப் பலகை மொத்தமாக வழுக்கி இறங்கினால் அதுதான் பனிச்சரிவு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கலவை பிடிக்காத கல்லைத் தட்டினால் வெற்றுச் சத்தம் வருமே, பல நேரம் காலடியில் அதே சத்தம் கேட்கும். ஊன்றுகோலைக் குத்தினால் முதலில் தடுத்து, அப்புறம் சட்டென்று உள்ளே இறங்கும். தடிமனான பலகை சத்தமே போடாது என்பதையும் மனதில் வையுங்கள். கால் வைத்த இடத்திலிருந்து விரிசல் ஓடினாலோ, தரை ‘தும்’ என்று அமுங்கினாலோ, பனிச்சரிவு பெரும்பாலும் கிளம்பும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுப் பக்கமே போகக்கூடாது, அதன் அடிவாரத்திலும் நிற்கக்கூடாது. வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்புங்கள்; எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி.

கடைசியாக கார்னிஸ். மலைமுகட்டிலிருந்து மறைவுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பனி இறவாரம். நம்ம வீட்டு இறவாரத்துக்கு மரச்சட்டம் தாங்கல், இதற்கு அடியில் ஒன்றும் இல்லை. காற்று வந்த பக்கத்திலிருந்து ஏறிப்போனால் தரை அப்படியே தொடர்வதாகத்தான் தெரியும், உடையும்போது நினைத்ததைவிட உள்ளே தள்ளி உடையும். முகட்டில் போட்டோ எடுக்கும்போது பாறையோ மண்ணோ வெளியே தெரிகிற பக்கமாக, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள், ‘இன்னும் கொஞ்சம் பின்னாடி போ’ என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.