ஒல்லி உடம்புக்கு அகலமான தோள்

ஒல்லிப் பையன்கள் ஜிம்மில் சேர்ந்ததும் முதலில் போய்ப் படுப்பது பெஞ்ச் பிரஸ்ஸில்தான் (மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே எடையைத் தள்ளுவது). ஈரோட்டில் நான் பயிற்சி கொடுக்கும் இடத்திலும் இதே கதை. வாரம் முழுக்க நெஞ்சு, கை என்று போட்டுவிட்டு, "அண்ணா, சட்டை தோள்ல நிக்கவே மாட்டேங்குது" என்று வருவார்கள்.

தோள் தசைக்கு முன், பக்கம், பின் என மூன்று பகுதி. பெஞ்ச் பிரஸ், தண்டால் இரண்டும் முன்பகுதிக்கு ஏற்கெனவே நிறைய வேலை கொடுத்துவிடும். எதிரில் நிற்பவர் கண்ணுக்கு அகலமாகத் தெரிவது பக்கப் பகுதி. காறை எலும்பின் (கழுத்தடியிலிருந்து தோள் முனை வரை போகும் எலும்பு) நீளம் பிறவியில் வந்தது, வளர்ச்சி முடிந்தபின் அதை மாற்ற முடியாது. அதன் முனையில் தசை ஏற்ற கட்டாயம் முடியும்.

அதற்கு லேட்டரல் ரைஸ், அதாவது இரண்டு கையிலும் எடையைப் பிடித்துப் பக்கவாட்டில் தூக்குவதுதான் முக்கியம். இரண்டரை கிலோ டம்பெல் போதும், கூச்சப்படாதே தம்பி. வீட்டில் செய்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். இடுப்பிலிருந்து துளி முன்னால் சாய்ந்து நில். முழங்கையை லேசாக மடக்கி, கையை நேர்ப் பக்கமாக விரிக்காமல் சற்று முன்வாக்கில் தூக்கு. தோள் உயரம் வந்ததும் நிறுத்து. இறக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணு. பொத்தென்று போட்டால் பாதிப் பலன் போச்சு. கண்ணாடியில் கழுத்தைக் கவனி. தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம், கழுத்துத் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

12 முதல் 20 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப், அதைத் தொடர்ந்து செய்து முடித்தால் ஒரு செட்), மூன்று செட், வாரம் மூன்று நாள். பல ஜிம்களில் இரண்டரைக்கு அடுத்து நேராக ஐந்து கிலோதான் இருக்கும். அது இரட்டிப்பு எடை, ஒரேயடியாகத் தாவாதே. மூன்று செட்டிலும் 20 வந்தபின், முதல் செட்டை மட்டும் ஐந்தில் செய், மீதியை இரண்டரையில் முடி. அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு செட்டாக மாற்று.

வாரம் இரண்டு நாள் நின்றபடி ஷோல்டர் பிரஸ் (எடையைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது), 6 முதல் 10 ரெப். இடுப்பு பின்னால் வளைந்தால் எடையைக் குறை. பின்பகுதிக்கு ஃபேஸ் புல் (கேபிள் கயிற்றை முகத்தை நோக்கி இழுப்பது); நாளெல்லாம் போனில் குனிந்து கூன் விழுந்த தோளுக்கு இது ரொம்பவே உதவும். அப்புறம் புல்-அப்ஸ் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது). முதுகு விரிந்தால்தான் தோளின் அகலம் எடுப்பாகத் தெரியும். பாரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸை நான் யாருக்கும் சொல்வதில்லை. தோள் முனையில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிடு, வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போ.

சரி, சாப்பாடு. ஒல்லியானவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்பவனை ஒரு நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதச் சொன்னால், காலையில் நாலு இட்லியும் டீயும் இருக்கும். நாலு இட்லியில் பத்து கிராம் புரதம்கூடத் தேறாது. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ ஆளுக்கு 88 கிராம். நாலு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12. மீதிக்குப் பருப்பு, சுண்டல், மீன் அல்லது கோழி. சோற்றையும் குறைக்காதே, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொள். அவ்வளவு சாப்பிட வயிறு இடம் கொடுக்கவில்லையென்றால் பாலில் வாழைப்பழமும் கடலையும் அடித்துக் குடி. மாதம் ஒரு கிலோ ஏறினால் சரியான வேகம். இரண்டு வாரம் எடை அசையவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "ஊசி போட்டா மூணு மாசத்துல தோள் வந்துரும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஏறினால் உடம்பு தன் சொந்த ஹார்மோன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத்துக்கும் ஆபத்து. இருபது வயதுப் பையனுக்கு இது தேவையே இல்லை.

மாதம் ஒருமுறை, காலையில், கையைத் தொங்கவிட்டு நின்று, இரண்டு தோளையும் சுற்றி இன்ச் டேப்பால் அள. தினம் அளக்காதே, மாற்றம் தெரியாது. நாலு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு அட்டவணையை மாற்றலாமா என்று யோசி.