செங்டூவில் இரண்டு மூன்று நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டூவுக்குப் போனவர்கள் "பாண்டா தூங்கிக்கொண்டே இருந்தது" என்று குறைப்பட்டால், அவர்கள் எத்தனை மணிக்கு அங்கே போனார்கள் என்று கேளுங்கள். அநேகமாக மதிய உணவுக்குப் பிறகு என்பார்கள். இந்த ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதுதான் முக்கியம்.

1987இல் மீட்கப்பட்ட ஆறு பாண்டாக்களுடன் தொடங்கிய செங்டூ பாண்டா ஆராய்ச்சி மையம் காலையிலேயே திறந்துவிடும். அப்போதுதான் அவற்றுக்குப் புது மூங்கில் வைப்பார்கள். வயிறு நிறைந்ததும் உறங்கிவிடும். வெயில் தாங்காத விலங்கு என்பதால், கோடையில் வெப்பம் ஏறினால் குளிரூட்டிய அறைகளுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பதுதான் சரி. டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பே பதிவு செய்ய வேண்டும். இன்னொரு தவறும் உண்டு: ஹுவா ஹுவா என்ற புகழ்பெற்ற பாண்டாவைப் பார்க்க முதலில் அந்த நீண்ட வரிசையில் போய் நிற்பது. சில நிமிடத் தரிசனத்துக்காகக் காலை முழுவதும் போய்விடும். அதற்குள் மற்றவை தூங்கிவிடும்.

சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். செங்டூ அதற்கு வெகுதூரம் மேற்கே இருப்பதால் சூரியன் ஒரு மணி நேரம் பிந்தியே நடக்கிறது. டிசம்பர், ஜனவரியில் எட்டு மணி வாக்கில்தான் விடியும். குளிர்காலத்தில் திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உணவுக்கு வருவோம். நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, "காரம் நமக்குப் புதிதா?" என்ற நம்பிக்கை. சிச்சுவான் சமையலில் மிளகாயோடு சிச்சுவான் மிளகும் சேர்கிறது. பெயர்தான் மிளகு, நம் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. அது எரிவதில்லை, உதட்டையும் நாக்கையும் மரத்துப்போகச் செய்கிறது. ஆந்திரக் காரம் தின்று பழகிய நாக்குக்கும் இது புதிய அனுபவம். முதல் வேளையே ஹாட்பாட்டில், அதாவது மேசையிலேயே கொதிக்கும் சிவப்புச் சாற்றில் நாமே வேகவைத்து உண்ணும் உணவில், இறங்காமல், ஒரு கிண்ணம் நூடுல்ஸில் தொடங்குவது நல்லது. ஹாட்பாட்டுக்குப் போகும்போது நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம் கேளுங்கள். ஒரு பக்கம் காரச் சாறு, மறுபக்கம் காரமில்லாதது. தொட்டுக்கொள்ள அங்கே தருவது நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும். அதை ஒதுக்காதீர்கள், சூட்டையும் காரத்தையும் தணிப்பது அதுதான். சிவப்புச் சாற்றைக் குடிக்கக் கூடாது, அது வேகவைப்பதற்கு மட்டும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது அந்தச் சாறு எதில் செய்யப்பட்டது என்பதில். செங்டூவின் சிவப்பு ஹாட்பாட் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில் காய்ச்சப்படுகிறது. காரமில்லாத வெள்ளைப் பக்கம் எலும்புச் சாறாகவோ கோழிச் சாறாகவோ இருக்கும். அதில் காளானும் கீரையும் மட்டும் போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சைவம் சாப்பிட்டதாக நினைக்கிறவர்கள் பலர். இவ்வூரிலேயே பிறந்த மாபோ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பில் மாட்டுக் கொத்துக்கறி உண்டு, தான்தான் நூடுல்ஸில் பன்றிக் கொத்துக்கறி உண்டு. "இறைச்சி வேண்டாம்" என்றால் கறித்துண்டு வராது; கொழுப்பும் சாறும் வரும். மரக்கறி உண்பவர்கள், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லோரும் எது கூடாது என்பதை, கொழுப்பு, எலும்புச் சாறு உட்பட, சீன மொழியில் எழுதி கைபேசியில் வைத்துக் காட்டுவதே பாதுகாப்பு. முழுச் சைவத்துக்கு வென்ஷு பௌத்த மடத்தின் உணவகம் இருக்கிறது. பௌத்த மடச் சமையல் என்பதால் அங்கே இந்தக் கவலையே வேண்டாம்.

ஜின்லி, குவான்சாய் சந்துகளை மாலை விளக்கொளியில் சுற்றிப் பாருங்கள், ஆனால் வயிற்றை அங்கே நிரப்பாதீர்கள். பயணிகளுக்காகவே அமைந்த கடைகள் அவை. இரண்டு தெரு தள்ளி, உள்ளூர்க்காரர்கள் குந்தியிருக்கும் சிறு கடையில் விலையும் குறைவு, ருசியும் மேல்.

மதியத்தை மக்கள் பூங்காவின் ஹெமிங் தேநீர்க் கடைக்கு விட்டுவைக்கலாம். மூடி போட்ட கிண்ணத்தில் ஒரு தேநீர் வாங்கினால், வெந்நீரை மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டு எவ்வளவு நேரமும் உட்காரலாம். இதை "நேர விரயம்" என்று அட்டவணையிலிருந்து நீக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. செங்டூ மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

வெளியூர்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். லெஷானில் 713இல் செதுக்கத் தொடங்கி 803இல் முடித்த 71 மீட்டர் உயரப் புத்தர் இருக்கிறார். அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாதம்வரை இறங்கும் குறுகிய படிக்கட்டில் விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். நேரம் குறைவென்றால் ஆற்றுப் படகிலிருந்தே முழு உருவமும் தெரியும். வெண்கல முகமூடிகளின் சான்சிங்துய் அருங்காட்சியகம் இன்னும் பக்கம், அதற்கும் முன்பதிவு வேண்டும். ஜியுசைகோ பள்ளத்தாக்கை ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். ரயில் பாதை வந்துவிட்டாலும் நிலையத்திலிருந்து மலைப்பாதையில் நெடுநேரம் பஸ் பயணம் மிச்சமிருக்கிறது. அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் செங்டூவுக்கே போக வேண்டாம்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் தங்க அனுமதிக்கும் 240 மணி நேர இடைப்பயணச் சலுகை இவ்விரு நாட்டினருக்கும் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே தடைசெய்யப்பட்டவை. சொந்த நாட்டு சிம்மின் ரோமிங்கில் பெரும்பாலும் இயங்கும். அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் வங்கி அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள், சரிபார்ப்புக் குறுஞ்செய்தி அங்கே வராமல் போகலாம்.

நகருக்கு இரண்டு விமான நிலையங்கள். ஷுவாங்லியு பக்கத்தில், 2021இல் திறந்த தியான்ஃபு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி. டாக்சியில் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லாமல், டிக்கெட்டில் உள்ள பெயரை ஓட்டுநரிடம் காட்டுங்கள்.