கராட் 401 டேர்ன்டேபிள் இன்னும் வைத்திருக்கத் தகுந்ததா? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ரெக்கோட்கள் இருக்கின்றனவா? பழைய டேர்ன்டேபிளைத் திருத்தலாமா, வாங்கலாமா, விற்றுவிடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கறுப்பாக, கனமாக, கை தவறினால் பீங்கான் மாதிரி உடைகிற அந்த ரெக்கோட்களில் குறைந்தது பத்து உங்களிடம் இருந்தால், கராட் 401 இன்றைக்கும் வீட்டில் இருக்க வேண்டிய சாமான். எல்லாரும் புகழ்கிற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 (1979இல் வந்தது) அருமையான மெசின், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதில் 33, 45 என்ற இரண்டு வேகங்கள் மட்டும்தான். 401இல் 78ம் உண்டு. எல்பி, அதாவது 33 சுற்றில் ஓடும் பெரிய ரெக்கோட் மட்டும் கேட்பவர் இன்றைய வெளிநாட்டு விலையில், அதாவது சில இலட்சம் ரூபா கொடுத்து, 401 வாங்கத் தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல புது மெசினும் நிறைய ரெக்கோட்களும் வாங்கலாம்.

401 இங்கிலாந்தின் சுவிண்டன் நகரத்தில் செய்யப்பட்டு 1965இல் வெளிவந்தது. பெல்ட் கிடையாது. மோட்டார் தண்டில் படிப்படியாக வெட்டிய ஒரு கப்பி, அந்தக் கப்பிக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர்ச் சக்கரம். கப்பி சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் சுழல்தட்டைச் சுற்றுகிறது. இதற்கு ஐட்லர் முறை என்று பெயர். உள்ளே சர்க்கியூட் போர்ட் இல்லை, சிப் இல்லை. எங்கள் ஊர் உப்புக் காற்றில் முதலில் செத்துப்போவது அவைதான் என்பதால், கழற்றித் துடைத்து ஒயில் விட்டு மீட்கக்கூடிய மெசினுக்கு இங்கே தனி மதிப்பு.

என்னிடம் இருப்பது பெரியப்பாவுடையது. டச் பே கடற்கரைப் பக்கத்து வீட்டில், மேலே ஒரு பெட்ஷீட் போட்டபடி வருடக்கணக்காகக் கிடந்தது. எடுத்தபோது சுழல்தட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, வேகம் மாற்றும் பிடி அசையவே இல்லை. அதைக் கொண்டுதான் கீழே உள்ளதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

முதல் வேலை: பிளக்கைச் செருகாதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. இந்த மெசினை 100 முதல் 130 வோல்ட், 200 முதல் 250 வோல்ட் என்று இரண்டு விதமாக இணைக்கலாம், அடியில் உள்ள இணைப்புத் துண்டுகளை மாற்றினால் போதும். அமெரிக்காவில் ஓடிய மெசின் 110க்கு இணைத்தபடியே வந்திருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் மோட்டார் கருகும். அடுத்தது ஹேர்ட்ஸ், அதாவது கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. இதைத்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸைத் தொடாது. 60க்கான கப்பி போட்ட மெசின் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். கப்பியை மாற்றுவதுதான் எளிய வழி. விற்பவரிடம் எங்கிருந்து வந்த மெசின் என்று கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

சுவிட்சோடு ஒரு சிறிய கெப்பாசிற்றர் இருக்கும், சுவிட்சைப் போட்டு அணைக்கும்போது வருகிற தீப்பொறியை அடக்குவதற்கு. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை நம்பக்கூடாது, பார்த்ததும் மாற்றிவிடுங்கள். உடல் முழுக்க உலோகம் என்பதால் ஏர்த் கட்டாயம் வேண்டும். பழைய வீடுகளில் மூன்று கால் பிளக்பொயின்ட் இருக்கும், ஆனால் பின்னால் ஏர்த் வயர் இருக்காது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பிறகு சுழல்தட்டைத் தூக்கி எடுங்கள். உறைந்த கிறீஸையும் பழைய ஒயிலையும் முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, நடுத்தண்டின் குழிக்குப் புதிதாக இலேசான மெசின் ஒயில் விடுங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், கொஞ்ச நாளில் அது பிசினாகிவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். ஒயில் விட்ட பிறகு சுழல்தட்டைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சத்தமே இல்லாமல் நிதானமாகச் சுற்றி நின்றால் நல்லது. மண் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் தண்டு தேய்ந்திருக்கிறது, அப்படியானதை வாங்காதீர்கள்.

இனி ரப்பர்ச் சக்கரம். இந்த மெசினின் உயிர் இதில்தான் இருக்கிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் உள்வாங்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகியிருந்தால் ஸ்பீக்கரில் ஒரு உறுமல் கேட்கும், சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். புதுச் சக்கரங்கள் இன்றும் செய்து விற்கிறார்கள். நல்ல சக்கரம் என்றால் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் அதன் விளிம்பையும் கப்பியையும் சுழல்தட்டின் உள்விளிம்பையும் துடையுங்கள். இந்த மூன்று இடத்திலும் ஒரு துளி ஒயில் பட்டாலும் வழுக்கும்.

கரண்ட் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அனுபவித்தது. மெசினை ஓட்டி நிறுத்தும் பிடியை (வேகம் மாற்றும் பிடி வேறு) நிறுத்தத்துக்குத் திருப்பினால்தான் சக்கரம் கப்பியை விட்டு விலகும். ரெக்கோட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், ஆனால் சக்கரம் கப்பிக்கும் விளிம்புக்கும் நடுவில் நசுங்கியபடியே இருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ஒருநாள் பிடியைத் திருப்பாமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் காலை ரெக்கோட் போட்டால், பாட்டுக்குக் கீழே டொக், டொக் என்று ஒரே அளவில் ஒரு தட்டல். சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. சும்மா ஓடவிட்டு, ஓடவிட்டு, அது போக ஒரு வாரம் எடுத்தது. அதனால் லைட் அணைந்ததும் முதலில் ஊசியைத் தூக்குங்கள், அடுத்து பிடியைத் திருப்புங்கள், மெழுகுதிரியைப் பிறகு தேடலாம்.

401 ஊசியைத் தாங்கும் கையும் அடிப்பெட்டியும் இல்லாமல் விற்கப்பட்ட மெசின், இரண்டையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மோட்டாரின் அதிர்வை அடக்கப் பாரமான பெட்டி தேவை. பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கிற முதிரைப் பலகைகளை ஒட்டி அடுக்கி வெட்டினால் நன்றாக வரும், தச்சரிடம் மெசினையே கொண்டுபோய்க் காட்டுங்கள், அளவுத்தாள் மட்டும் போதாது.

ஊசி விஷயத்தில் 78க்கும் எல்பிக்கும் ஒரே ஊசி சரிவராது. 78இன் குழி அகலமானது, எல்பி ஊசி அதன் அடியில் போய்ச் சுரண்டும், இரைச்சலே கூடுதலாகக் கேட்கும். கழற்றி மாட்டக்கூடிய ஹெட்ஷெல் (கையின் நுனித் தலை) உள்ள கையாக வாங்கி, அதில் மாட்டும் ஊசிப் பாகமான காட்ரிஜ் இரண்டை ஆயத்தமாக வைத்திருங்கள். ஊசி ரெக்கோட்டை அழுத்தும் பாரம் காட்ரிஜுக்குக் காட்ரிஜ் மாறும். ஓடியோ-டெக்னிகா விஎம்95ஈ 2 கிராம் கேட்கும், ஓட்டோபோன் 2எம் ரெட் 1.8 கிராம். சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள், கண்ணால் மதிப்பிட முடியாது. இன்னொன்று: அல்ககோலை 78 ரெக்கோட்டில் தொடவே கூடாது. அவை அரக்கு கலந்து செய்தவை, கரைந்துவிடும்.

வேகத்தைச் சரிபார்க்கச் சுழல்தட்டின் ஓரத்தில் புள்ளிகளும் பக்கத்தில் ஒரு நியோன் விளக்கும் இருக்கின்றன. உங்கள் வேகத்துக்கான வரிசைப் புள்ளிகள் அசையாமல் நின்றால் சரி. முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் சின்னத் திருகியை மெல்லத் திருப்புங்கள். மோட்டார் சூடேற ஐந்து பத்து நிமிடம் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசிதான் தொந்தரவு, மெசினைப் பருத்தித் துணியால் மூடினால் போதும். பொலித்தீன் வேண்டாம், உள்ளே ஈரம் அடைபடும். மேற்கு யன்னல் வெயில் படுகிற இடத்தில் ரெக்கோட்களை வைத்தால் நெளிந்துவிடும். மழைக்காலம்தான் கஷ்டம். வாடைக்காற்று தொடங்கியதும் ரெக்கோட் உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும், ஹெட்ஷெல்லின் பித்தளை முனைகள் பச்சை பிடிக்கும். அலுமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். முனைகளை மாதம் ஒருமுறை துடையுங்கள். அந்த மாதங்களில் கேட்க நேரமில்லாவிட்டாலும் வாரம் ஒருநாள் ரெக்கோட் இல்லாமல் அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், 33இல் போதும், நிறுத்திய பிறகு பிடி திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியைப் போடுங்கள்.