தன்னார்வ மென்பொருள் திட்டத்தில் வெளியீடு: தேதி குறிப்பது முதல் 1.4.1 வரை

பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் நிரல் எழுதும் பங்களிப்பாளர்களிடம் எதையும் அதட்டி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. வெளியீட்டுப் பொறுப்பை முதன்முதலாக ஏற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவி ஓரளவு பழகியிருந்தால் போதும்.

படி 1: தேதியை முதலில் குறியுங்கள்

"இந்த வசதி முடியட்டும், வெளியிடலாம்" என்று காத்திருந்தால் வெளியீடு தள்ளிக்கொண்டே போகும். லினக்ஸ் சார்ந்த இயங்குதளமான டெபியனின் 3.0 பதிப்பு வந்தது 2002 ஜூலையில், 3.1 வர 2005 ஜூன் ஆகிவிட்டது. அண்மைய பதிப்புகளோ 2021, 2023, 2025 என்று ஒழுங்காக வந்திருக்கின்றன. முடியாத வசதி அடுத்த பதிப்புக்குப் போகட்டும்.

படி 2: கிளையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய வசதிகளை ஏற்பது முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே. அதன்பின் வாரம் ஒன்றாகச் சோதனைப் பதிப்புகள் வரும். பெரும்பாலும் ஏழு, சில முறை எட்டு. அவற்றில் சேர்பவை திருத்தங்களே. சிறிய திட்டத்துக்கு இரண்டு வாரச் சோதனை போதும் என்பது என் கணிப்பு.

அந்த இரண்டு வாரச் சோதனை தொடங்கும் நாளில், அன்றாட வேலை நடக்கும் மெயின் கிளையிலிருந்து 'வெளியீடு-1.4' என்று ஒரு கிளையைப் பிரித்துக்கொள்ளுங்கள். "சின்ன மாற்றம்தானே, சேர்த்துவிடுங்கள்" என்று யாராவது கட்டாயம் கேட்பார். மறுத்துவிட்டு நிறுத்தாதீர்கள், அன்றே பரிசீலித்து மெயினில் சேர்த்து, "1.5 பதிப்பில் வரும்" என்று பதில் எழுதுங்கள். உழைப்பு கிடப்பில் போடப்படவில்லை என்று தெரிந்தால்தான் அவர் திரும்பி வருவார்.

படி 3: திருத்தம் முதலில் மெயினுக்கு

பலரும் சறுக்குவது இங்கேதான். நாள்காட்டிச் செயலி ஒன்று பிப்ரவரி 29 அன்று முடங்குகிறது என்று வையுங்கள். அந்தத் தேதியைக் கொடுத்து, தோற்கும் சோதனை ஒன்றை முதலில் எழுதுங்கள். மெயினில் அந்த வழுவை (நிரல் பிழையை) திருத்துங்கள்; சோதனை தேறட்டும். பிறகு 'செர்ரி-பிக்' கட்டளையால் அந்த ஒரு கமிட்டை (பதிந்த மாற்றத்தை) மட்டும் வெளியீட்டுக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். 'எக்ஸ்' (-x) தெரிவையும் சேர்த்தால் மூலக் கமிட்டின் அடையாளம் குறிப்பில் பதிந்துவிடும்.

அவசரத்தில் வெளியீட்டுக் கிளையில் மட்டும் திருத்தினால், 1.4 பதிப்பில் ஒழிந்த வழு 1.5 பதிப்பில் உயிர்த்தெழும். கர்னலின் நிலைப்பதிப்புக் கிளைகளும் மெயின் கிளையில் ஏற்கப்பட்ட திருத்தங்களையே எடுத்துக்கொள்கின்றன. ஒரு திருத்தம் 100 வரிகளைத் தாண்டக்கூடாது என்றும் அங்கே விதி உண்டு.

படி 4: எண்ணிட்டு வெளியிடுங்கள்

திருத்தம் மட்டும் என்றால் 1.4.1, புதிய வசதி என்றால் 1.5.0, பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றம் என்றால் 2.0.0. வெளியிட்ட டேகை (பதிப்புக்கு இடும் பெயர்க்குறியை) ஒருபோதும் நகர்த்தாதீர்கள். 1.4.0 என்ற பெயரில் இருவரிடம் இருவேறு நிரல் இருந்தால் எந்த வழு அறிக்கையையும் நம்ப முடியாது. பிழை தெரிந்தால், மறுநாளே ஆனாலும், 1.4.1 வெளியிடுங்கள்.

வெளியிடும் அனுமதியும் கையொப்பமிடும் உரிமையும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். அடுத்த வெளியீட்டை அந்த இரண்டாமவரே நடத்தட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, அவர் தடுமாறும் இடங்களை, வெளியீட்டுப் படிகளை எழுதிவைக்கும் செய்முறைக் கோப்பில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.