வாரிய அட்டை, பெல்ட், சான்றிதழ்: கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே செய்வது எப்படி?

பாதுகாப்புக் கூட்டம், மருத்துவ முகாம், சான்றிதழ் தேர்வு என்று எதற்குக் கூப்பிட்டாலும் கட்டடத் தொழிலாளர்கள் வருவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். அன்றைய கூலி போய்விடும், அதனால்தான் வருவதில்லை. மேஸ்திரியோ, சைட் இன்ஜினியரோ, சங்கத்துக்காரரோ, சொந்த வீடு கட்டுகிறவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் வேலை நடக்கிற இடத்துக்கே கொண்டுபோகப் பாருங்கள், முடியாவிட்டால் அந்த நாள் கூலியை யார் தருவது என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள்.

நல வாரிய அட்டையில் தொடங்குவதுதான் நல்லது, ஏனென்றால் அதில் உடனடியாகக் கண்ணுக்குத் தெரிகிற பலன் இருக்கிறது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லிருந்து இயங்குகிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு, அதற்கான பணம் கட்டடச் செலவில் 1 சதவீதமாக வசூலிக்கப்படுகிற செஸ் என்ற வரி, அதாவது இவர்கள் உழைப்பில் எழும்பிய கட்டடத்திலிருந்தே வருவது, யாரும் போடுகிற பிச்சை இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கூலி போடுகிற சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் இருப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ எடுத்துவரச் சொல்லி, ஒரு லேப்டாப்போடு அங்கேயே உட்கார்ந்து பதிந்துவிடுங்கள். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு எழுத்து என்று இருந்தால் அப்போதே குறித்துக்கொண்டு திருத்த வழி செய்யுங்கள், பின்னால் உதவி கேட்கும்போது இதுதான் இழுத்தடிக்கும். கட்டட வேலைதான் செய்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும்.

அட்டை எடுத்துக்கொடுத்தவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். அப்புறம்தான் பாதுகாப்பு. ஒரு மணி நேரம் வகுப்பெடுக்காதீர்கள், காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே விஷயம், அதுவும் கையில் பொருளை வைத்துக்கொண்டு. சாரம் என்றால் சாரத்தடியில் நின்று பேசுங்கள்: எந்தச் சவுக்குக் கம்பு விரிசல் விட்டிருக்கிறது, பலகையின் நுனி கட்டியிருக்கிறதா, ஒற்றைப் பலகையில் ஆள் நிற்கிறாரா, மழையில் நனைந்து காய்ந்த கயிற்று முடிச்சை மறுபடி இறுக்கினார்களா என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துக் காட்டுங்கள். உயரத்திலிருந்து விழாமல் தாங்குகிற பாதுகாப்பு பெல்ட் போட்டிருப்பார்கள், ஆனால் கொக்கியைச் சாரத்துக் கம்பிலேயே மாட்டியிருப்பார்கள். சாரம் சரிந்தால் ஆளும் அதோடு போய்விடுவார், அதனால் கட்டடத்தோடு உறுதியாக நிற்கிற ஒன்றில், முடிந்தவரை தலைக்கு மேலே மாட்டப் பழக்குங்கள். ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் குனிந்ததும் கழன்று விழும். கட்டர், மிக்ஸர் மிஷின் ஓடுகிற லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பீகார், ஒடிசா, வங்காளத்துத் தோழர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையே வைத்து அவர்கள் மொழியில் சொல்லவையுங்கள்.

உடல்நலம் என்றதும் எல்லோரும் முகாம் நடத்தத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கழிப்பறை கட்டுங்கள் என்பேன். ஒதுங்க இடமில்லாததால் சித்தாள் வேலை செய்யும் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கல் சுமக்கிறார்கள், அதிலிருந்து வருவதுதான் நீர்க்கடுப்பும் மயக்கமும், இதைச் சரிசெய்யாமல் இலவச மாத்திரை கொடுப்பதில் என்ன பயன்? கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு தற்காலிகக் கழிப்பறைக்கு ஆகிற செலவு கட்டடச் செலவில் கணக்கிலேயே வராது. கலவை பட்ட கையையும் காலையும் வேலை முடியும்வரை அப்படியே விட்டுவிடாமல் அவ்வப்போது கழுவ வேண்டும், சிமெண்ட்டின் காரம் தோலை அரித்துப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரி. டைல்ஸ், கிரானைட்டைத் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசி நுரையீரலில் தங்கி வருகிற சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பிரஷர், சர்க்கரை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக்கொடுத்துச் சைட்டுக்கே வரக் கேட்டுப் பாருங்கள். தலைசுற்றல் உள்ளவர் உயரத்தில் ஏறக்கூடாது, ஆனால் அதற்காக வேலையை விட்டு நிறுத்தாமல் கீழே வேலை கொடுங்கள். நிறுத்தினால் அடுத்த முறை பரிசோதனைக்கு யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் தயக்கம் அதிகம். இருபது வருடம் கரண்டி பிடித்தவரிடம் போய்ப் பயிற்சிக்கு வாருங்கள் என்றால் அவருக்கு அவமானமாக இருக்கும். தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தருகிற ஆர்.பி.எல். முறை இவர்களுக்காகத்தான் இருக்கிறது: கொத்து வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங், பெயின்ட்டிங் எல்லாவற்றுக்கும் உண்டு, சைட்டிலேயே நடத்தவும் வழி இருக்கிறது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துச் சுவர் எழுப்பிக் காட்டுவதில் அவர் அசத்திவிடுவார், தடுமாறுவது வாய்மொழிக் கேள்வியில்தான், அதனால் கலவை விகிதம், வரைபட அளவு, பாதுகாப்புக் கேள்விகளை முன்கூட்டியே பேச்சுவாக்கில் கேட்டுப் பழக்குங்கள். சிங்கப்பூர் போகக் கடன் வாங்கியாவது டெஸ்ட் அடிக்கிறார்கள், அதாவது தொழில் திறன் தேர்வு எழுதுகிறார்கள், அங்கே அந்தச் சான்றுக்குச் சம்பளம் இருக்கிறது. இங்கேயும் அப்படி ஆக வேண்டும், அதனால் சான்றிதழ் வாங்கினால் கூலி எவ்வளவு கூடும் என்பதை மேஸ்திரியிடமும் கான்ட்ராக்டரிடமும் பேசி, தேர்வுக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லவையுங்கள். கூடவில்லை என்றால் அடுத்த குழுவில் ஒருவர்கூடப் பெயர் கொடுக்க மாட்டார்.

கடைசியாக, அட்டை, சான்றிதழ் இரண்டையும் போட்டோ எடுத்து அவர் போனிலும் வீட்டில் ஒருவர் போனிலும் போட்டுவிடுங்கள், அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.